முகப்பு கட்டப் போகும் பிள்ளைகளுக்கு

கேம் ஸ்டுடியோவில் சூழல் கலைஞராகச் சேரும் பிள்ளைகளுக்கு முதலில் வந்து சேரும் வேலை பெரும்பாலும் கட்டட முகப்புகள்தான். ஒரு தெரு முழுக்க கடையும் வீடும் வேண்டும். நாளும் குறைவு, மெமரியும் குறைவு. அதனால் ஒவ்வொரு கட்டடத்தையும் தனித்தனியாகச் செதுக்காமல் சுவர், ஜன்னல், தூண், கார்னிஸ் (சுவரின் உச்சியில் வெளியே நீளும் பட்டை) என்று துண்டுகளாகச் செய்து, அவற்றைக் கோத்துத் தெருவை எழுப்புகிறோம். இந்தத் துண்டுத் தொகுதியைத்தான் மாடுலர் கிட் என்கிறோம். பார்ப்பதற்குச் சின்ன வேலை. ஆனால் கிட் கோணலாக இருந்தால் அதன் மேல் எழும் ஊரே கோணலாகும். அந்தக் கோணலைத் திருத்த ஒரு பெரிய குழு மாதக்கணக்கில் திண்டாடும்.

என்னிடம் வேலை பழகிய பிள்ளைகளுக்குச் சொல்லி வந்ததை இங்கே வரிசைப்படுத்துகிறேன். எடுத்துக்காட்டுக்கு ஒரே இடத்தை வைத்துக்கொள்கிறேன்: நியூயார்க், மன்ஹாட்டனின் தென்பகுதியில் உள்ள சோஹோ.

1. மென்பொருளைத் திறப்பதற்கு முன் உண்மையான தெருவைப் படியுங்கள்.

சோஹோவைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அங்கே கிரீன் தெருவிலும் புரூம் தெருவிலும் பிராட்வேயிலும் 19ஆம் நூற்றாண்டு முகப்புகள் வரிசையாக நிற்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் கல். காந்தத்தை வைத்தால் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலானவை வார்ப்பிரும்பு. ஜேம்ஸ் பொகார்டஸ் என்பவர் 1850இல் இரும்புக் கட்டுமானத்துக்குக் காப்புரிமை வாங்கினார். டேனியல் பேட்ஜரின் ஆர்க்கிடெக்சுரல் அயர்ன் ஒர்க்ஸ் என்ற வார்ப்பாலை, தான் செய்யும் தூண், வளைவு, கார்னிஸ், முழு முகப்பு எல்லாவற்றையும் படம் போட்டு 1865இல் ஒரு பெரிய கேட்டலாக்காகவே வெளியிட்டது. கடைக்காரர் அதைப் புரட்டிப் பார்த்துத் தன் கடைக்கு முகப்பு தேர்ந்தெடுக்கலாம்.

வேலை நடந்த விதத்தைக் கேளுங்கள். மரத்தில் ஒரு மாதிரி செய்வார்கள். அதை மணலில் பதித்து அச்செடுத்து, உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். ஒரே மாதிரியிலிருந்து வேண்டிய அளவு தூண் எடுத்துக்கொள்ளலாம். பட்டறையிலேயே ஒருமுறை கோத்துப் பார்ப்பார்கள். பொருந்தினால் எண் போட்டு, கழற்றி, தெருவுக்குக் கொண்டுபோய் போல்ட் போட்டு முடுக்குவார்கள். நாம் கணினியில் செய்வதை அவர்கள் இரும்பில் செய்து முடித்துவிட்டார்கள். ஒரு கிட் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரியாது.

பிராட்வேயும் புரூம் தெருவும் சந்திக்கும் மூலையில் 1857இல் எழுந்த ஹாவவுட் கட்டடத்தின் படங்களைத் தேடிப் பாருங்கள். ஐந்து மாடி. வடிவமைத்தவர் ஜான் கேய்னர், இரும்பு வேலை பேட்ஜருடையது. எலிஷா ஓட்டிஸ் பொதுமக்கள் ஏறிச்செல்லும் லிஃப்டை முதன்முதலில் பொருத்தியதும் இங்கேதான். மேல் நான்கு மாடிகளிலும் ஒரே சங்கதிதான் திரும்பத் திரும்ப வருகிறது: இரண்டு பெரிய தூண்கள், அவற்றுக்கு நடுவே இரண்டு சின்னத் தூண்கள், அவற்றின் மேல் ஒரு வளைவு, வளைவுக்குள் ஜன்னல். வெனிஸ் நகரத்தில் சான்சொவினோ கட்டிய நூலகத்தின் சாயல் அது. அவ்வளவு முறை திரும்பி வந்தும் கண் சலிப்பதில்லை. ஏன் என்று யோசியுங்கள். பெரிய தூண் ஒரு ஆழத்தில், சின்னத் தூண் அதற்குப் பின்னால், கண்ணாடி அதற்கும் பின்னால். காலை வெயிலில் ஒரு நிழல், மாலையில் வேறு நிழல். உங்கள் கிட்டில் சுவரும் ஜன்னலும் ஒரே தளத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தால் எத்தனை டெக்ஸ்சர் போட்டாலும் அது அட்டைப்பெட்டியாகவே நிற்கும்.

2. அளவைத் தீர்மானிக்க ஒரு முழு நாளைக் கொடுங்கள்.

இந்த ஒரு நாளைச் சேமிக்கப் பார்ப்பவர்கள் பிறகு பல வாரங்களை இழக்கிறார்கள். கணக்கை உங்கள் முன்னாலேயே போட்டுக் காட்டுகிறேன்.

மன்ஹாட்டனில் மனையின் வழக்கமான அகலம் 25 அடி. அதாவது 7.62 மீட்டர். சோஹோ முகப்பு ஒன்றில் மூன்று ஜன்னல் வரிசை இருக்கிறது என்று வையுங்கள். மூன்றால் வகுத்தால் 2.54 மீட்டர். இது எந்த கிரிட்டிலும் உட்காராது. ஆகவே மனையை 7.5 மீட்டராகக் குறைக்கிறோம். ஒரு கட்டடத்துக்கு 12 சென்டிமீட்டர் போகிறது, யார் கண்ணுக்கும் தெரியாது. 1811ஆம் ஆண்டுத் தெருத் திட்டப்படி வகுத்த வடபகுதியில் இரண்டு தெருக்களுக்கு நடுவே சுமார் 200 அடி, அதாவது எட்டு மனை. அதுவும் 60.96 மீட்டரிலிருந்து சுத்தமாக 60 மீட்டருக்கு வந்துவிடும். தெருவுக்குக் கூட வசதிதான்.

7.5ஐ மூன்றால் வகுத்து 2.5 மீட்டர் துண்டு செய்துவிடலாம் என்று உடனே கை போகும். பொறுங்கள். தூண் எங்கே நிற்கும்? துண்டின் இரு ஓரத்திலும் முழுத் தூண் வைத்தால், பக்கத்துத் துண்டு சேரும்போது இரண்டு தூண் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடும். அரைத் தூணாக வெட்டினால் இணைப்புக் கோடு தூணின் நட்டநடுவே, வெளிச்சம் விழும் இடத்தில் ஓடும். இடப்பக்கம் மட்டும் தூண் வைத்தால் கட்டடத்தின் வலது ஓரம் மொட்டையாக முடியும்.

வார்ப்பாலைக்காரர்கள் கண்ட வழி இதுதான்: மனையின் இரு எல்லையிலும், மனைக்கு உள்ளேயே, அகலமான ஓரத்தூண். நடுவில் மெல்லிய தூண்கள் தனியாக. அதையே எடுத்துக்கொள்வோம். ஓரத்தூண் 75 சென்டிமீட்டர், நடுவே 2 மீட்டர் அகலத்தில் மூன்று ஜன்னல் துண்டு, மறுபடி ஓரத்தூண் 75. கூட்டினால் 7.5 மீட்டர். நடுத்தூண் யாருக்கும் பாதியாகச் சொந்தமில்லாமல் தனித் துண்டாக, ஜன்னல் துண்டுகள் சந்திக்கும் கோட்டின் மேல் நிற்கும். இணைப்புக் கோடு அதன் முதுகுக்குப் பின்னால் மறைந்துவிடும். இரண்டு மனையைச் சேர்த்துக் கட்டிய பெரிய கடை வேண்டுமா? இரு ஓரத்தூண்களும் நடுவில் ஒட்டி ஒன்றரை மீட்டர் பெருந்தூணாகும். சோஹோவின் அகலமான கட்டடங்கள் பலவற்றில் நடுவே அப்படி ஒரு தடித்த தூணைக் காணலாம்.

உயரத்துக்கும் இதே கவனம் வேண்டும். தரைத்தளம் 5 மீட்டர், மேல்தளங்கள் 4, உச்சித்தளம் 3.5. எல்லாமே 25 சென்டிமீட்டர் கிரிட்டில் அமர்கின்றன.

3. ஆள் உயரத்தை மறக்காதீர்கள். கேமராவையும்.

ஏறக்குறைய 1.8 மீட்டர் உயரத்தில் ஒரு பொம்மையைக் காட்சியில் முதல் நாளிலிருந்து நிறுத்தி வையுங்கள். நிஜ வீட்டுக் கதவின் அளவை அப்படியே வைத்தால், தோளுக்குப் பின்னால் கேமரா வரும் கேமில் அது எலிப்பொந்து மாதிரித் தெரியும், கேமராவும் நிலையில் முட்டும். ஆள் நுழையக்கூடிய கதவைத் தாராளமாகச் செய்யுங்கள். நுழைய முடியாத கதவு உண்மையான அளவிலேயே இருக்கட்டும். எந்தக் கதவு திறக்கும் என்று ஆடுபவர் தூரத்திலிருந்தே ஊகிக்க இந்த வித்தியாசமும் உதவும்.

அன்ரியல் எஞ்சினில் ஒரு அலகு ஒரு சென்டிமீட்டர், யூனிட்டியில் ஒரு மீட்டர். ஏற்றுமதி செய்யும்போது இதைச் சரிபாருங்கள்.

4. பிவட் (துண்டை வைக்கவும் சுழற்றவும் உதவும் ஆதாரப் புள்ளி) எல்லாத் துண்டுக்கும் ஒரே இடத்தில்.

கீழ் இடது மூலை, சுவரின் வெளித்தளத்தில். சுவர், ஜன்னல், கார்னிஸ் எதுவானாலும் அதே. நடுத்தூணுக்கு மட்டும் அடிப்பகுதியின் மையம், ஏனென்றால் அது கோட்டின் மேல் நிற்பது. இதை ஒரு முறை எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். பாதி வேலை நடந்தபின் பிவட்டை மாற்றினால், அதுவரை வைத்த அத்தனை துண்டும் இடம் பெயர்ந்துவிடும்.

5. அழகு பார்ப்பதற்கு முன் சாம்பல் பெட்டியாகக் கட்டிப் பாருங்கள்.

பட்டறையில் கோத்துப் பார்த்தார்கள் என்றேனே, நமக்கு அது பிளாக்அவுட். செதுக்கல் இல்லாமல், டெக்ஸ்சர் இல்லாமல், வெறும் பெட்டிகளாகத் துண்டுகளைச் செய்து ஒரு தெருவை எழுப்புங்கள். ஸ்கைரிம் கேமின் மாடுலர் வேலையைப் பற்றி பெதெஸ்டாவின் ஜோயல் பர்ஜெஸும் நேட் பர்க்கிபைலும் 2013இல் விளக்கமாகப் பேசியிருக்கிறார்கள். நிலவறைத் துண்டுகளை ஒரு சுற்று கோத்துக்கொண்டே போய்த் தொடங்கிய இடத்தில் வந்து சேர்கிறதா என்று சோதிப்பதும் அவர்கள் முறையில் உண்டு. முகப்புக்கும் அதைச் செய்யுங்கள். ஒரு பிளாக்கைச் சுற்றி நான்கு பக்கமும் முகப்புகளை வைத்துக்கொண்டு வாருங்கள். நான்காவது மூலையில் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விழுந்தால் தவறு எங்கோ முன்னாலேயே நடந்திருக்கிறது. அந்த இடைவெளியை ஒரு குழாயையோ விளம்பரப் பலகையையோ வைத்து மறைக்காதீர்கள். கணக்குக்குத் திரும்புங்கள்.

அடுத்து ஒரு மாடியை நான்கு மாடி ஏற்றிப் பாருங்கள். பிறகு லெவல் டிசைனரிடம் கொடுத்து, நீங்கள் நினைக்காத விதத்தில் அடுக்கச் சொல்லுங்கள். அவர் கையில் உடையும் கிட் சாம்பல் நிறத்தில் உடைவதே நல்லது. அப்போது திருத்த ஒரு மணி நேரம் போதும்.

6. நிழல் விழும் இடத்தில் வெட்டுங்கள்.

ஒரு துண்டும் இன்னொரு துண்டும் சேரும் கோடு எங்கே ஓட வேண்டும்? மாடிக்கும் மாடிக்கும் நடுவே ஓடும் பட்டையின் அடிப்பக்கத்தில், தூணின் பின்னால், ஜன்னல் சட்டத்தின் உள்மடிப்பில். தட்டையான சுவரின் நடுவில் வேண்டாம். இரும்பு முகப்புகளிலும் இணைப்புகளைப் பெரும்பாலும் இத்தகைய மடிப்புகளில்தான் ஒளித்தார்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் மெல்லிய கோடு தெரியும்.

இரண்டு முகம் ஒரே தளத்தில் சரியாக ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் திரையில் மினுக்கிக்கொண்டே இருக்கும். ஒன்றை இன்னொன்றுக்குள் சற்றுப் புகுத்துங்கள், அல்லது உள்ளே மறையும் முகத்தை அழித்துவிடுங்கள். சுவர்கள் காகிதம்போல் மெல்லியதாக இருந்தால் இணைப்புகள் வழியே வெளிச்சம் கசியும். சுவருக்குக் கனம் கொடுங்கள்.

7. மூலையை முதலில் தீருங்கள்.

புதியவர்கள் நேர்ச்சுவரை முதலில் செய்து மகிழ்ந்துவிட்டு, மூலையைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். நேர்ச்சுவர் எந்தக் கணக்கிலும் வேலை செய்யும். கணக்கின் நேர்மை மூலையில்தான் தெரியும்.

நாம் செய்த ஓரத்தூண் 75 சென்டிமீட்டர் என்பதால், மூலைக்கு 75க்கு 75 என்ற சதுரத் தூண் ஒன்று போதும். அது இரண்டு தெருவுக்கும் ஓரத்தூணாகும். பிவட் அதன் வெளிமூலையில். புரூம் தெருப் பக்கம் மூன்று ஜன்னல், பிராட்வே பக்கம் ஆறு என்றாலும் இடையில் எதையும் வெட்டி ஒட்ட வேண்டியதில்லை. கார்னிஸ் மட்டும் சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் அதற்கு வெளிமூலைத் துண்டு ஒன்று, உள்மூலைத் துண்டு ஒன்று, முடிவுத் துண்டு இடமும் வலமும் ஒவ்வொன்று வேண்டும். இடதை எதிர்மறை ஸ்கேல் போட்டு வலதாக்கிவிடலாம் என்று நினைப்பீர்கள். சில எஞ்சின்களில் அது நிழலையும் நார்மலையும் குழப்பும், எழுத்துள்ள பலகை இருந்தால் எழுத்து இடம்வலம் மாறியும் தெரியும். தனியாகவே செய்துவிடுங்கள்.

8. ஆடுபவர் எங்கே நிற்பாரோ அங்கே உழையுங்கள்.

நடந்து போகும் கேமில் கண் தரைத்தளத்தைத் தாண்டி மேலே போவது குறைவு. அங்கே கடைக் கண்ணாடி, படிக்கட்டு, இரும்பு ஷட்டர், பெயர்ப்பலகை என்று வகை அதிகம் வேண்டும். மேல்தளத்துக்கு இரண்டு, மூன்று வகை போதும். ஆனால் இன்சோம்னியாக்கின் ஸ்பைடர்மேன் கேமை (2018) நினைத்துப் பாருங்கள். அங்கே ஆடுபவர் கார்னிஸில் உட்காருகிறார், மொட்டைமாடியில் ஓடுகிறார், சுவரில் ஏறுகிறார். தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டு அறை, கைப்பிடிச்சுவர் எல்லாம் முன்வரிசைக்கு வந்துவிடுகின்றன. உங்கள் கேம் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் துண்டுப் பட்டியல் எழுத வேண்டும்.

தரையோடு சேரும் இடத்தை மறப்பவர்கள் அதிகம். சோஹோவின் நடைபாதையில் கடைக்கு முன்னால் இரும்புச் சட்டத்தில் வட்ட வட்டக் கண்ணாடி பதித்திருக்கும். மின்விளக்குக்கு முந்தைய காலத்தில் நடைபாதைக்குக் கீழே உள்ள கிடங்குக்கு வெளிச்சம் போக வைத்த வழி அது. அதைச் செய்து வைத்தால் கட்டடம் தரையில் வேர் பிடித்து நிற்கும். செய்யாவிட்டால் நடைபாதை மேல் தூக்கி வைத்த பெட்டிதான்.

9. ட்ரிம் ஷீட்டைக் கணக்கோடு வகுத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு துண்டுக்கும் தனி டெக்ஸ்சர் செய்தால் மெமரி தாங்காது. கார்னிஸ், பட்டை, சட்டம், தூண் ஆகியவற்றுக்கான கீற்றுகளை ஒரே ஷீட்டில் அடுக்கி, எல்லாத் துண்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி செய்வது ட்ரிம் ஷீட். சன்செட் ஓவர்டிரைவ் கேமுக்கு இதைச் செய்த மோர்டன் ஓல்சன் 2015இல் தன் முறையை விளக்கினார். கீற்றுகளின் இடத்தை எல்லா ஷீட்டிலும் ஒரே மாதிரி நிலையாக வைத்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். அப்படி வைத்தால் ஷீட்டை மாற்றிய மாத்திரத்தில் இரும்புக் கட்டடம் செங்கல் கட்டடமாகும், மாடலைத் தொட வேண்டியதில்லை.

நம் கணக்கில் மீட்டருக்கு 512 பிக்சல் என்று வைத்தால், 2048 ஷீட்டின் அகலம் 4 மீட்டர். இரண்டு மீட்டர் ஜன்னல் துண்டு சரிபாதி. அரை மீட்டர் கார்னிஸுக்கு 256 பிக்சல் கீற்று, கால் மீட்டர் பட்டைக்கு 128. அளவு சரியாக அமைந்தால் டெக்ஸ்சரும் தானாக அமையும். கீற்றுகளுக்கு நடுவே கொஞ்சம் வெற்றிடம் விடுங்கள். இல்லையென்றால் தூரத்தில் ஒன்றின் நிறம் மற்றொன்றில் வழியும். பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளில் பிக்சல் அடர்த்தி மாறுபடவே கூடாது. ஒன்று கூர்மையாகவும் ஒன்று மங்கலாகவும் இருந்தால் சாதாரணமாக ஆடுபவர்கூட ஏதோ சரியில்லை என்று உணர்ந்துவிடுவார்.

10. ஜன்னலுக்குள் இருட்டை வைத்து ஏமாற்ற வேண்டாம்.

ஜூஸ்ட் வான் டோங்கன் 2008இல் எழுதிய இன்டீரியர் மேப்பிங் முறையைப் படியுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பாலிகன்கூட வைக்காமல், ஷேடர் கணக்கிலேயே தரை, கூரை, சுவர் உள்ள அறையைக் காட்டலாம். பார்வை நகர நகர அறையும் நகரும். 2018 ஸ்பைடர்மேனில் சுவரில் ஏறும்போது தெரியும் அறைகள் இந்த வழி வந்தவை. சில ஜன்னலில் திரை, சிலவற்றில் விளக்கு, சிலவற்றில் இருட்டு என்று கலந்து விடுங்கள். கடை ஜன்னலுக்கு மட்டும் நிஜமாகவே கொஞ்சம் பொருள் வையுங்கள்.

11. சலிப்புக்கு மருந்து, காரணம் உள்ள வேறுபாடு.

ஒரே துண்டை ஆடுபவர் அடையாளம் கண்டுகொண்டு, "இதை அங்கேயே பார்த்தோமே" என்று நினைக்கும் கணத்தில் ஊர் பொய்யாகிவிடும். கண்ணைப் பிடிக்கும் துண்டுதான் முதலில் பிடிபடும். சிங்கமுகம் வைத்த வளைவு என்றால் தெருவுக்கு ஒன்று. சாதாரண ஜன்னலை நூறு முறை வைத்தாலும் யாரும் எண்ண மாட்டார்கள். ஆகவே கிட்டின் பெரும்பகுதி அடக்கமாக இருக்கட்டும். இளம் கலைஞருக்கு இது கசக்கும், தன் திறமை எல்லாவற்றையும் ஒவ்வொரு துண்டிலும் காட்டிவிட ஆசை இருக்கும். அந்த ஆசையை ஒன்றிரண்டு துண்டுக்குச் சேர்த்து வையுங்கள்.

வேறுபாட்டைச் சும்மா தூவாதீர்கள். துரு எங்கே வரும்? தண்ணீர் தேங்கும் இடத்தில்: ஜன்னல் விளிம்பின் கீழ், தூணின் அடியில், இணைப்புகளில். சோஹோவின் தூண் உச்சிகளைப் பாருங்கள். கொரிந்தியப் பாணியில் இலை இலையாக விரியும் அந்த உச்சியில் இலைகளைத் தனியாக வார்த்து இணைத்திருந்தார்கள். காலப்போக்கில் இணைப்பு துருப்பிடித்து, பல தூண்களில் சில இலைகள் விழுந்துவிட்டன, வெறும் கூடை போன்ற அடிப்பகுதி மட்டும் தெரிகிறது. இதை ஒரு மாற்றுத் துண்டாகச் செய்யுங்கள். முழு உச்சி ஒன்று, இரண்டு இலை போனது ஒன்று, மொட்டையானது ஒன்று. மழை அதிகம் படும் ஓரத்தில் மொட்டையை வையுங்கள். நூறு வருட வரலாறு மூன்று சிறு துண்டில் வந்துவிடும்.

முகப்பின் குறுக்கே இறங்கும், தீயிலிருந்து தப்பும் படிக்கட்டு இன்னொரு நல்ல கருவி. அதை ஒரு ஜன்னல் வரிசை தள்ளி வைத்தாலே ஒரே கட்டடம் இரண்டாகத் தெரியும். பெயிண்ட் நிறத்தை இன்ஸ்டன்ஸுக்கு இன்ஸ்டன்ஸ் ஷேடரிலேயே மாற்றலாம். ஆனால் ஒரு கட்டடத்துக்கு ஒரு நிறம். சொந்தக்காரர் ஒருவர், பெயிண்ட் வாங்கியவர் ஒருவர் என்பதை நினைவில் வையுங்கள். ஜன்னலுக்கு ஜன்னல் நிறம் மாறினால் அங்கே மனிதர் யாரும் வாழவில்லை என்று ஆகிவிடும்.

12. பக்கச் சுவரும் கட்டடத்தின் பாகமே.

இரும்பு தெருவைப் பார்க்கும் பக்கத்துக்கு மட்டும்தான். பக்கவாட்டில் வெறும் செங்கல். பக்கத்து வீடு தாழ்வாக இருந்தால் அந்தச் செங்கல் சுவரும், அதில் பழைய விளம்பரம் எழுதிய மங்கிய எழுத்தும் வெளியே தெரியும். மூன்று மலிவான துண்டில் இது முடிந்துவிடும். ஆடம்பர முகப்புக்குப் பக்கத்தில் இப்படி ஒரு மொட்டைச் சுவர் நிற்கும்போதுதான் தெரு நம்பும்படி ஆகிறது.

13. பெயர் வைப்பதில் ஒழுங்கு.

இடம், பாகம், அகலம், வகை என்ற வரிசையில், எல்லோருக்கும் ஒரே மாதிரி. "ஃபைனல்", "நியூ", "ஃபைனல் 2" எதுவும் வேண்டாம். உங்களுக்குப் பின் அந்த ஃபோல்டரைத் திறப்பவர் உங்களிடம் கேட்காமலே புரிந்துகொள்ள வேண்டும்.

14. எஞ்சினின் சுமையைக் கணக்கிடுங்கள்.

ஜன்னல் விளிம்பு, கைப்பிடி, கண்ணாடி என்று எல்லாவற்றையும் தனித்தனித் துண்டாக்கினால், ஒரு தெருவில் லட்சக்கணக்கில் பொருள் குவியும். வைப்பவர் கை வலிக்கும், எஞ்சினும் திணறும். ஒரு மாடியை முழுவதுமாக ஒரே துண்டாக்கினால் எல்லாக் கட்டடமும் ஒரே முகம். நான் பரிந்துரைப்பது, ஒரு ஜன்னல் அகலம், ஒரு மாடி உயரம் கொண்ட துண்டு. ஒரு துண்டுக்கு மெட்டீரியல் இரண்டைத் தாண்ட வேண்டாம். ஒரே துண்டின் பிரதிகளை இன்ஸ்டன்ஸிங்கில் ஒன்றாக வரையும்படி செய்யுங்கள், தூரத்துக்கு எளிய வடிவம் வையுங்கள். அன்ரியல் 5இன் நானைட் வந்தபின் பாலிகன் கவலை குறைந்தது உண்மை. ஆனால் மெட்டீரியலும் டெக்ஸ்சர் மெமரியும் அதனால் இலவசமாகிவிடவில்லை. நம் ஊரில் கேம் ஆடும் பிள்ளைகளில் மிகப் பலர் கைபேசியில்தான் ஆடுகிறார்கள். அந்தக் கைபேசியிலும் ஓடும் கிட்டைச் செய்யத் தெரிந்தவருக்கு எங்கும் வேலை உண்டு.

15. விதி எழுதும் கருவிகளைக் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் கையால் கட்டிய பிறகு.

பாஸ்கல் மியூலர், பீட்டர் வொங்கா முதலியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வு, முகப்பை மாடிகளாகப் பிரி, மாடியை ஜன்னல்களாகப் பிரி, ஜன்னலுக்குள் இதை வை என்று இலக்கண விதிகளால் கட்டடம் எழுப்பும் வழியைக் காட்டியது. சிட்டிஎஞ்சின் மென்பொருள் அத்தகைய விதிகளைப் பயன்படுத்துகிறது. 2021 டிசம்பரில் வந்த மேட்ரிக்ஸ் அவேக்கன்ஸ் நகரத்தில் சுமார் 7,000 கட்டடங்கள், எல்லாம் மாடுலர் துண்டுகளை ஹூடினி மென்பொருளின் விதிகளால் கோத்தவை. ஸ்பைடர்மேனின் மன்ஹாட்டனுக்கும் ஹூடினி உழைத்தது.

இதைப் பார்த்துவிட்டு, கையால் அடுக்குவது பழைய காலம் என்று பிள்ளைகள் சொல்வதைக் கேட்கிறேன். விதி எழுத வேண்டுமானால் விதி தெரிந்திருக்க வேண்டும். ஓரத்தூண் ஏன் அகலம், தரைத்தளம் ஏன் உயரம், கார்னிஸ் எங்கே முடியும் என்பதைக் கையால் பல கட்டடம் அடுக்கித் தெரிந்துகொண்டவர் எழுதும் விதியில் ஊர் பிறக்கும். தெரியாதவர் எழுதினால் கருவி அந்த அறியாமையை ஆயிரம் மடங்காக்கித் தரும்.

16. விலைக்கு வாங்கிய கிட்டானாலும் அளந்து பாருங்கள்.

வாங்குவதில் கேவலம் ஒன்றுமில்லை, சின்ன ஸ்டுடியோக்கள் அப்படித்தான் பிழைக்கின்றன. உரிம நிபந்தனையை முழுதாகப் படியுங்கள். கிரிட், பிவட், பிக்சல் அடர்த்தி மூன்றையும் உங்கள் கணக்கோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால், எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். லண்டன் செங்கல் வீட்டையும் பாரிஸ் மேன்சார்டு கூரையையும் கலந்து வைத்து "ஐரோப்பிய நகரம்" என்று பெயர் சூட்டாதீர்கள். அங்கே வாழ்கிறவர்கள் ஆடும்போது மனம் நோவார்கள். மதுரையையும் ஜெய்ப்பூரையும் ஒரே தெருவில் வைத்தால் நமக்கு எப்படி இருக்கும்?

17. போர்ட்ஃபோலியோவில் கிட்டைக் காட்டுங்கள்.

மாலை வெயிலில் ஒரு அழகான படம் மட்டும் போட்டால் ஆள் எடுப்பவருக்கு எதுவும் தெரியாது. எல்லாத் துண்டையும் பரப்பி வைத்த ஒரு படம், ட்ரிம் ஷீட், வயர்ஃப்ரேம், பிறகு அதே துண்டுகளால் கட்டிய இரண்டு வெவ்வேறு குணமுள்ள கட்டடங்கள். விண்ணப்பங்களைப் பார்க்க உட்காரும்போது நான் முதலில் தேடுவது அந்த இரண்டாவது கட்டடத்தை.

18. கடைசியாக ஒரு வேண்டுகோள்.

இதைப் படித்துவிட்டு வைத்துவிடாதீர்கள். சோஹோவில் கிரீன் தெருவின் ஒரு முகப்பை எடுங்கள். 72ஆம் எண்ணிலிருந்து 76 வரை நீளும் கட்டடத்தை அங்கே அந்தத் தெருவின் ராஜா என்பார்கள், 28, 30ஆம் எண்களில் ராணி நிற்கிறது. இரண்டும் 1870களில் ஐசக் டக்வொர்த் வடிவமைத்தவை. அவை முதல் முயற்சிக்குப் பெரிது, பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்குப் பக்கத்தில் பெயரில்லாமல் நிற்கும் ஒரு மூன்று ஜன்னல் கட்டடம் போதும். கணக்கைக் காகிதத்தில் போடுங்கள். பன்னிரண்டு துண்டுக்குள் அடக்குங்கள். அந்தப் பன்னிரண்டில் மூன்று கட்டடமும் ஒரு மூலையும் எழுப்பி, டெக்ஸ்சர் போடுவதற்கு முன்னாலேயே சாம்பல் நிறத்தில் உங்கள் லீடிடமோ ஆசிரியரிடமோ கொண்டுபோய்க் காட்டுங்கள். குறை சொன்னால் எழுதிக்கொள்ளுங்கள், அன்றே திருத்துங்கள்.